டிஸ்ட் கோப்புறையைத் திறந்து பாருங்கள்

வலைத்தளம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்கான அஸ்ட்ரோவில் புதிய தளம் ஒன்றைத் தொடங்க ஒரே ஒரு கட்டளை போதும். 'என்பிஎம் கிரியேட் அஸ்ட்ரோ' என்று டெர்மினலில் தட்டி, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் என்டர் அழுத்திக்கொண்டே போனால் கோப்புறை தயாராகிவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான். நாம் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டோம். உள்ளே பத்துப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது, எதை அழித்தால் தளமே படுத்துவிடும் என்று தெரியாமல் பலர் முதல் வாரத்தைத் தயக்கத்திலேயே கழிக்கிறார்கள்.

பயிற்சிக் காணொளிகள் பெரும்பாலும் ஒவ்வொரு கோப்புறையாகப் பெயர் சொல்லி விளக்கிக்கொண்டு போகும். மறுநாள் காலையில் அந்தப் பட்டியலில் பாதி மறந்திருக்கும். அதைவிட, எந்தக் கோப்பைக் கண்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுவது நல்லது. இதை உண்டாக்கியது யார்? இது தளத்தைப் பார்க்க வருபவரின் உலாவிவரை போய்ச் சேருமா? முதல் கேள்விக்கு மூன்றே விடைகள்: நாம் எழுதியது, வெளியிலிருந்து இறக்கியது, கருவி தானே உருவாக்கியது. இரண்டாவதற்கும் மூன்றே: அப்படியே போகும், உருமாறிப் போகும், போகவே போகாது. புராஜெக்டில் உள்ள எல்லாவற்றையும் இந்தச் சட்டத்துக்குள் பொருத்திவிடலாம். விடை சரிதானா என்று காட்டுவது, தளத்தின் இறுதிக் கோப்புகளைக் கருவி எழுதிவைக்கும் 'டிஸ்ட்' கோப்புறை.

ஓர் ஊர் நூலகத்துக்கு மூன்று பக்கங்களில் ஒரு தளம் செய்வதாக வைத்துக்கொள்வோம்: முகப்பு, அறிமுகம், நிகழ்ச்சிகள். கோப்புப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்கும். 'எஸ்ஆர்சி' என்று நான் எழுதினால் அது 'சோர்ஸ்' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம்.

வெளி வாசலில் இருப்பவை

மேல்மட்டத்தில் கிடக்கும் கோப்புகளில் எதுவும் வாசகரிடம் போகாது. அவை நமக்கும் கருவிக்கும் இடையிலான பேச்சுவார்த்தை. 'பேக்கேஜ்.ஜேசன்' இந்தத் தளத்துக்கு எந்தெந்த நிரல்தொகுப்புகள் வேண்டும் என்று சொல்கிறது. அதன் பக்கத்தில் உள்ள 'பேக்கேஜ்-லாக்.ஜேசன்' அவற்றின் துல்லியமான பதிப்பு எண்களைக் குறித்து வைத்திருக்கிறது. 'நோட் மாட்யூல்ஸ்' என்ற பெரிய கோப்புறை, அந்தப் பட்டியலின்படி இணையத்திலிருந்து இறக்கப்பட்ட சரக்கு. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரங்களைப் போன்றது அது. சீட்டு கையில் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பாத்திரத்தைக் கட்டிக்காக்க வேண்டியதில்லை. ஏதாவது ஏறுக்குமாறாகிவிட்டால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' கொடுத்தால் மறுபடி வந்துவிடும். நண்பருக்கு புராஜெக்டை அனுப்பும்போது இதையும் சேர்த்துச் சுருட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தளம் சில நூறு கிலோபைட். சுமையோ நூற்றுக்கணக்கான மெகாபைட்.

'அஸ்ட்ரோ.கான்ஃபிக்' அமைப்புக் கோப்பு. தொடக்கத்தில் கிட்டத்தட்ட வெறுமையாகவே இருக்கும். புள்ளியில் தொடங்கும் '.அஸ்ட்ரோ' கோப்புறை கருவியின் சொந்தக் குறிப்பேடு. அதை நாம் பார்க்கவே வேண்டாம்.

நாம் எழுதும் இடம்

எழுத்து வேலை முழுவதும் 'எஸ்ஆர்சி' கோப்புறைக்குள் நடக்கிறது. அதற்குள் 'பேஜஸ்' (பக்கங்கள்), 'காம்போனென்ட்ஸ்' (பக்கத்தின் கூறுகள்), 'லேஅவுட்ஸ்' (பக்க அமைப்புகள்), 'ஸ்டைல்ஸ்' (தோற்ற விதிகள்) என்று பெயர்கள் இருக்கும். புதியவர்கள் இவை எல்லாம் ஒரே மாதிரிச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. இவற்றில் 'பேஜஸ்' என்ற பெயரை மட்டும்தான் அஸ்ட்ரோ கண்டுகொள்கிறது. மற்றவை ஊர் வழக்கம். 'காம்போனென்ட்ஸ்' என்பதை நீங்கள் 'துண்டுகள்' என்று மாற்றினாலும், இறக்குமதி வரிகளில் அதற்கேற்பத் திருத்திவிட்டால் தளம் ஓடும். வழக்கத்தை மீறுவதால் ஒரு பயனும் இல்லை, உங்களுக்குப் பின்னால் வருபவர் திணறுவார் என்பது வேறு விஷயம்.

'பேஜஸ்' கோப்புறையில் கோப்பின் பெயரே முகவரி. அதற்குள் 'அபவுட்.அஸ்ட்ரோ' என்று வைத்தால், தளத்தில் '/அபவுட்/' என்ற முகவரி பிறந்துவிடும். எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன் கோப்பு வைத்தாலும் பக்கம் கிடைக்கும். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர் வைத்தால் அஸ்ட்ரோ அதைப் பக்கமாகக் கருதாது. அரைகுறையாக எழுதி நிறுத்தியதை ஒதுக்கிவைக்க இது நல்ல வழி. சதுர அடைப்புக்குறிக்குள் பெயர் இருந்தால் அது அச்சு. நிகழ்ச்சிக்கு ஒன்றாக நாற்பது கோப்பு எழுத வேண்டாம். 'ஈவென்ட்ஸ்' கோப்புறைக்குள் '[ஸ்லக்].அஸ்ட்ரோ' என்ற ஒரே கோப்பு போதும். எந்தெந்த நிகழ்ச்சிகள் உண்டு என்ற பட்டியலை 'கெட் ஸ்டாடிக் பாத்ஸ்' என்ற செயற்கூறு வழியாகக் கொடுத்தால் நாற்பது பக்கங்களையும் அதுவே வார்த்துவிடும்.

கோப்புப் பெயரைத் தமிழிலேயே வைத்தால் என்ன என்று ஆசை வரும். வைக்கலாம், முகவரிப் பட்டையிலும் உலாவிகள் அதைத் தமிழாகவே காட்டும். அந்த முகவரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக நீளும். 'அறிமுகம்' என்ற சொல்லில் மெய்ப்புள்ளி, உயிர்க்குறி எல்லாம் சேர்த்து 8 குறிகள். ஆக 72 எழுத்துகள். நூலகத்தின் சுவரொட்டியில் அச்சிட வேண்டிய முகவரி என்றால் இது கட்டுப்படியாகாது.

இன்னொரு கோப்புறை மேல்மட்டத்தில் 'எஸ்ஆர்சி'க்குப் பக்கத்திலேயே நிற்கிறது: 'பப்ளிக்'. இங்கே வைப்பது எதுவானாலும் அஸ்ட்ரோ அதைத் தொடாது, சுருக்காது, பெயர் மாற்றாது. அப்படியே நகலெடுத்து வெளியே அனுப்பும். உலாவித் தாவலில் தெரியும் ஃபேவிகான் படம், தேடுபொறிகளுக்கான 'ரோபோட்ஸ்.டெக்ஸ்ட்', தரவிறக்குவதற்கான உறுப்பினர் படிவம் போன்றவற்றுக்கு இதுதான் இடம். ஏனென்றால் அவற்றின் முகவரி என்றும் மாறக் கூடாது. பக்கத்தில் காட்டும் ஒளிப்படங்களை இங்கே கொட்டுவது சோம்பேறித்தனம். கைபேசியில் எடுத்த 5 மெகாபைட் படத்தை 'பப்ளிக்'கில் போட்டால் வாசகரும் அந்த 5 மெகாபைட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். அதையே 'எஸ்ஆர்சி'க்குள் 'அசெட்ஸ்' என்று ஒரு கோப்புறையில் வைத்து, அஸ்ட்ரோவின் 'இமேஜ்' கூறு வழியாகக் காட்டினால், பில்ட் நேரத்தில், அதாவது நாம் எழுதியதிலிருந்து இறுதிக் கோப்புகளைக் கருவி உருவாக்கும்போது, அது வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாறிவிடும். நாம் கொடுக்கும் அகலத்துக்குச் சிறிதாகவும் ஆகிவிடும்.

ஒரு சின்னப் பொறி: 'பப்ளிக்' என்ற பெயர் முகவரியில் வராது. 'பப்ளிக்' கோப்புறையில் உள்ள 'லோகோ.எஸ்விஜி'யை '/லோகோ.எஸ்விஜி' என்றுதான் அழைக்க வேண்டும். '/பப்ளிக்/லோகோ.எஸ்விஜி' என்று எழுதி, படம் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

பில்ட் என்ன செய்கிறது

'என்பிஎம் ரன் டெவ்' கொடுத்தால் நம் கணினியிலேயே 4321 என்ற போர்ட்டில் தளம் தெரிய ஆரம்பிக்கும். இந்த நிலையில் வெளியீடு என்று எதுவும் எழுதப்படுவதில்லை. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கக் கேட்க, அடியில் ஓடும் வீட் என்ற கருவி அந்தந்தக் கோப்பை அந்தந்த நொடியில் மாற்றி நினைவகத்திலிருந்தே பரிமாறுகிறது. அதனால்தான் ஓர் எழுத்தைத் திருத்தினால் உடனே திரையில் தெரிகிறது. இது எழுதுபவரின் வசதிக்கான ஏற்பாடு. வாசகருக்குப் போகும் தளம் இது அன்று.

'என்பிஎம் ரன் பில்ட்' கொடுங்கள். டெர்மினலில் ஓடும் வரிகளைப் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 'கம்ப்ளீட்' என்ற சொல் வந்ததும் திருப்தி. நடுவில் இப்படிச் சில வரிகள் போயிருக்கும்:

▶ எஸ்ஆர்சி/பேஜஸ்/அபவுட்.அஸ்ட்ரோ
  └─ /அபவுட்/இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் (+4எம்எஸ்)

மேல் வரி நீங்கள் எழுதியது, கீழ் வரி அதிலிருந்து பிறந்தது, அடைப்புக்குறிக்குள் அதற்கு ஆன மில்லிநொடிகள். பக்கம் ஒன்று தளத்தில் காணோம் என்றால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான். இந்தப் பட்டியலில் அதன் பெயர் இல்லையென்றால் சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கம் பிறக்கவே இல்லை.

பில்ட் முடிந்ததும் 'டிஸ்ட்' என்ற புதிய கோப்புறை முளைத்திருக்கும். நம் நூலகத் தளத்துக்கு, இல்லாத முகவரியைக் கேட்டால் காட்டும் 404 பக்கத்தையும் எழுதிச் சேர்த்திருந்தால், அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

டிஸ்ட்/
  இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்
  404.எச்டிஎம்எல்
  அபவுட்/இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்
  ஈவென்ட்ஸ்/இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்
  ரோபோட்ஸ்.டெக்ஸ்ட்
  ஃபேவிகான்.எஸ்விஜி
  _அஸ்ட்ரோ/
    வாசல்.(எண்ணும் எழுத்தும் கலந்த கோவை).வெப்பி

இதை ஒரு முறை நிதானமாகப் படித்தால், மேலே சொன்ன எல்லாம் கண்ணுக்கு முன் நிற்கும். 'காம்போனென்ட்ஸ்' எங்கே? காணோம். 'லேஅவுட்ஸ்'? அதுவும் இல்லை. அவை பக்கங்களுக்குள் கரைந்துவிட்டன. தலைப்பட்டையை ஒரே ஒரு கோப்பில் எழுதினீர்கள். இப்போது ஒவ்வோர் எச்டிஎம்எல் கோப்பிலும் அது முழுதாக அச்சாகியிருக்கிறது. 'பப்ளிக்' என்ற கோப்புறையும் இல்லை. அதற்குள் இருந்தவை மட்டும் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டன. மேலே சொன்ன பொறிக்கு விடை இங்கே இருக்கிறது.

'அபவுட்.அஸ்ட்ரோ' ஏன் 'அபவுட்.எச்டிஎம்எல்' ஆகாமல் தனிக் கோப்புறையாயிற்று? எந்தச் சர்வரும் '/அபவுட்/' என்று கேட்டால் அந்தக் கோப்புறையில் உள்ள 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' கோப்பைக் கொடுக்கும். முகவரியின் வாலில் '.எச்டிஎம்எல்' ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்த ஏற்பாடு வேண்டாம் என்றால் அமைப்புக் கோப்பில் மாற்றலாம். 404 மட்டும் விதிவிலக்கு. பல சர்வர்கள் '404.எச்டிஎம்எல்' என்ற பெயரையே தேடுவதால் அது தனிக் கோப்பாகவே வருகிறது.

அடுத்து, பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு எங்கே போயிற்று? ஸ்டைல் எழுதினோம், வெளியீட்டில் கோப்பே இல்லை. எச்டிஎம்எல் கோப்பை எழுத்துத் தொகுப்பானில் திறந்து பாருங்கள். தலைப்பகுதியிலேயே அது செருகப்பட்டிருக்கும். 4 கிலோபைட்டுக்குக் குறைவான ஸ்டைல் என்றால், அதற்கென ஒரு தனிக் கோப்பை உலாவி போய்க் கேட்டு வாங்குவது வீண் அலைச்சல் என்று அஸ்ட்ரோ கணக்குப் போட்டு உள்ளேயே வைத்துவிடுகிறது. தளம் வளர்ந்து ஸ்டைல் பெருத்தால், ஒரு நாள் '_அஸ்ட்ரோ' கோப்புறையில் சிஎஸ்எஸ் கோப்பு தானே தோன்றும். அன்றைக்குப் பதற வேண்டாம்.

அதே எச்டிஎம்எல் கோப்பில் குறிச்சொற்களோடு 'டேட்டா-அஸ்ட்ரோ-சிஐடி' என்று தொடங்கி, புரியாத எழுத்துகளில் முடியும் ஒரு பண்பு ஒட்டியிருப்பதையும் காணலாம். நீங்கள் எழுதாதது. ஒரு கூறுக்குள் எழுதிய ஸ்டைல் பக்கத்துக் கூறின் பத்தியைப் போய்ச் சிவப்பாக்கிவிடாமல் இருக்க, கருவி போட்டுவைத்த வேலி அது.

படத்தின் பெயரில் நுழைந்திருக்கும் அந்தக் கோவைக்கு ஹேஷ் என்று பெயர். கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வருவது. உள்ளடக்கம் மாறினால் கோவை மாறும், மாறாவிட்டால் மாறாது. இது எதற்கு? உலாவிகள் ஒருமுறை இறக்கிய கோப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு மறுமுறை அதையே காட்டும். வேகத்துக்கு நல்லது; ஆனால் படத்தை மாற்றிய பிறகும் வாசகருக்குப் பழைய படமே தெரியும். ஹேஷ் இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது. புதுப் படம் என்றால் புதுப் பெயர், புதுப் பெயர் என்றால் உலாவி புதிதாகக் கேட்டே ஆக வேண்டும். அதனால் '_அஸ்ட்ரோ'வுக்குள் உள்ளவற்றை 31536000 நொடிகள், அதாவது ஓராண்டு முழுவதும் சேமித்துக்கொள் என்று உலாவியிடம் துணிந்து சொல்லலாம். எச்டிஎம்எல் கோப்புகளுக்கு அப்படிச் சொல்லக் கூடாது. அவற்றின் பெயர் மாறுவதே இல்லை.

உறைந்துபோகும் நேரம்

அஸ்ட்ரோ கோப்பின் தலையில் மூன்று சிறுகோடுகளுக்கு நடுவே நாம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் உலாவியில் ஓடுவதில்லை. பில்ட் நேரத்தில், நம் கணினியில், ஒரே ஒரு முறை ஓடி முடிந்துவிடுகிறது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அடிக்குறிப்பில் ஆண்டைப் போடும்போது மறந்துவிடுவார்கள்.

பதிப்புரிமை வரியில் நடப்பு ஆண்டைத் தானாகக் காட்ட, தேதியைக் கேட்டு ஆண்டை எடுக்கும் ஒரு சின்னக் கட்டளையைச் செருகுகிறோம். டெவ் நிலையில் சரியாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு முறை பக்கத்தைக் கேட்கும்போதும் அது ஓடுகிறது. 2025 டிசம்பரில் பில்ட் செய்து ஏற்றுகிறோம். 2026 ஜனவரியில் பார்த்தால் 2025 என்றே நிற்கிறது. பிழை ஒன்றும் இல்லை. டிஸ்டில் உள்ள எச்டிஎம்எல்லைத் திறந்தால் அங்கே கட்டளை இல்லை, '2025' என்ற நான்கு இலக்கங்கள் மட்டுமே உண்டு. மறுபடி பில்ட் செய்தால் மாறும். 'இன்று நடக்கும் நிகழ்ச்சிகள்' என்ற பகுதியை இதே முறையில் எழுதினால் சேதம் இன்னும் பெரிது. நேற்று முடிந்த கூட்டத்துக்கு இன்று ஆள் வருவார்கள். அத்தகைய பகுதிக்கு உலாவியில் ஓடும் ஸ்கிரிப்ட் வேண்டும், அல்லது தினமும் காலையில் பில்ட் ஓடுமாறு ஏற்பாடு வேண்டும். இரண்டாவது வழியைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். சிறிய தளங்களுக்கு அதுதான் சிக்கல் குறைந்தது என்பது என் கருத்து.

வெளிச் சேவைகளைப் பயன்படுத்தத் தேவைப்படும் ரகசியச் சாவிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். '.என்வி' கோப்பில் எழுதும் மதிப்புகளில் 'பப்ளிக்_' என்று தொடங்கும் பெயர்கள் மட்டுமே உலாவியில் ஓடும் நிரலுக்குக் கிடைக்கும். சாவி எடுபடவில்லையே என்று அவசரத்தில் அந்த முன்னொட்டைச் சேர்த்துவிட்டால் பில்ட் அதைக் கோப்புக்குள் வெளிப்படையாக எழுதிவிடும். சந்தேகம் இருந்தால் டிஸ்ட் கோப்புறை முழுவதிலும் அந்தச் சாவியின் முதல் சில எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால், உலகத்துக்கும் கிடைக்கும்.

ஏற்றும்போது வரும் இடர்கள்

டிஸ்டில் உள்ள 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்'லை இருமுறை சொடுக்கித் திறந்தால் படமும் இருக்காது, இணைப்பும் வேலை செய்யாது. உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாய்கோட்டில் தொடங்கும் முகவரி தளத்தின் வேரைக் குறிக்கிறது. கோப்பாகத் திறக்கும்போது அது வன்தட்டின் வேராகிவிடுகிறது. 'என்பிஎம் ரன் ப்ரிவ்யூ' கொடுத்தால் டிஸ்டையே ஒரு சர்வர் வழியாகக் காட்டும். ஏற்றும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான், டெவ் நிலையை அன்று.

தளங்களை ஏற்றிவைக்கும் இடமான கிட்ஹப் பேஜஸில் தளம் பெரும்பாலும் முகவரியில் ஓர் உட்பெயருக்குக் கீழே அமரும். அமைப்புக் கோப்பில் 'பேஸ்' என்ற இடத்தில் அந்த உட்பெயரைக் கொடுக்காவிட்டால் முகப்பு மட்டும் மொட்டையாகத் தெரியும். கொடுத்த பிறகும், கையால் எழுதிய இணைப்புகளில் அந்த உட்பெயரை நாமே சேர்க்க வேண்டும். டிஸ்டை ஒரு கிட் கிளையில் வைத்து நேரடியாக வெளியிடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அங்கே இயல்பாக ஓடும் ஜெக்கில் என்ற கருவி, அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புறைகளை ஒதுக்கிவிடும். '_அஸ்ட்ரோ' அப்படித்தானே தொடங்குகிறது? எழுத்துகள் வரும், படமும் ஸ்டைலும் வராது. 'பப்ளிக்' கோப்புறையில் '.நோஜெக்கில்' என்ற வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்தால் தீர்ந்தது. அது அப்படியே டிஸ்டுக்குப் போய், ஜெக்கிலை ஒதுங்கச் சொல்லிவிடும்.

விண்டோஸில் ஓடிய பில்ட் சர்வரில் மட்டும் தோற்றால் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தேடுங்கள். லினக்ஸ் அதில் கறாரானது.

டிஸ்டுக்குள் நேரடியாகத் திருத்தம் செய்வது ஒருபோதும் வேண்டாம். அடுத்த பில்ட் அந்தக் கோப்புறையைத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுதும்.

வெளியீடு எப்போதும் இவ்வளவு எளிய வடிவில் இருக்காது. உறுப்பினர் உள்நுழைவு போன்ற, கேட்கும் நேரத்தில் உருவாக வேண்டிய பக்கம் ஒன்று வந்தால், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் போன்ற சூழலுக்கான இணைப்பானைச் சேர்க்க வேண்டும். அப்போது டிஸ்ட் இரண்டாகப் பிரியும். 'கிளையண்ட்' பகுதி உலாவிக்குப் போவது. 'சர்வர்' பகுதி போகாதது, சர்வரில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய நிரல். வெறும் கோப்புகளை மட்டும் பரிமாறும் இலவச இடங்களில் இரண்டாவது பகுதி ஓடாது.

மற்ற ஃபிரேம்வொர்க்குகளில் பெயர்கள் மாறும். நெக்ஸ்ட்.ஜேஎஸ் '.நெக்ஸ்ட்' என்ற கோப்புறையிலும், நிலையான தளமாக ஏற்றுமதி செய்யச் சொன்னால் 'அவுட்' கோப்புறையிலும் எழுதும். நக்ஸ்டுக்கு '.அவுட்புட்', எலெவன்டிக்கு '_சைட்'. ஹியூகோவில் மட்டும் ஜாக்கிரதை: அங்கே 'பப்ளிக்' என்பது வெளியீட்டுக் கோப்புறையின் பெயர், அஸ்ட்ரோவின் 'பப்ளிக்' செய்யும் வேலையை அங்கே 'ஸ்டாடிக்' செய்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியவர் பழக்க தோஷத்தில் படங்களைக் கொண்டுபோய் வெளியீட்டிலேயே கொட்டிவிடுவார். புதிய ஃபிரேம்வொர்க் எதிலாவது குழப்பம் வந்தால், கிட் என்ற பதிப்புக் கருவி கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் '.கிட்இக்னோர்' கோப்பைத் திறந்து பாருங்கள். இறக்கியவை, உருவானவை, ரகசியமானவை ஆகியவற்றின் பெயர்களை அந்த ஃபிரேம்வொர்க்கை எழுதியவர்களே அதில் குறித்து வைத்திருப்பார்கள்.